அரிசோனாவில் சொத்து: நகரத்துப் பழைய வீடா, விளிம்பில் புது வீடா, பாலைவன மனையா?

அரிசோனாவில் சொத்து வாங்க நினைப்பவர்கள் விலை, வட்டி, பள்ளிக்கூடம் மூன்றையும் அலசிவிட்டுத்தான் வருகிறார்கள். ஆனால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, யார் பொறுப்பில் வருகிறது, எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது என்று பெரும்பாலோர் கேட்பதே இல்லை. இந்த மாநிலத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். ஒரே விலை, ஒரே பரப்பளவு, நாற்பது நிமிட கார் தூரத்தில் இரண்டு வீடுகள் இருக்கும். ஒன்றுக்கு நூறு ஆண்டு நீருக்கு நகராட்சி பொறுப்பு. இன்னொன்றுக்குக் குழாயும் கிடையாது, பொறுப்பாளரும் கிடையாது.

சாண்ட்லரிலும் ஃபீனிக்ஸிலும் சிப் தொழிற்சாலை வேலைக்கு வந்து குடியேறிய நம்மவர்கள் பலர். ஊரிலிருந்து பணம் அனுப்பி முதலீடு செய்ய நினைப்பவர்களும் உண்டு. இருவர் முன்னாலும் பொதுவாக மூன்று வாய்ப்புகள் வைக்கப்படுகின்றன. முதலாவது, சாண்ட்லர், கில்பர்ட், மேசா, டெம்பி போன்ற ஊர்களில் இருபது முதல் நாற்பது வயதான வீடு. இரண்டாவது, பக்கை, குவீன் கிரீக், பினால் கவுண்டி (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் போன்றது) என்று நகரம் பரவும் விளிம்பில் பில்டர் கட்டித் தரும் புது வீடு. மூன்றாவது, மொஹாவி, கோச்சீஸ், அப்பாச்சி கவுண்டிகளில் சில ஆயிரம் டாலருக்குக் கிடைக்கும் வெற்று மனை. மூன்றின் அபாயங்களும் வேறு வேறு வகை என்பதால் விலையை மட்டும் வைத்து ஒப்பிட்டால் கணக்கு தப்பும்.

தண்ணீர்ச் சட்டத்தின் மூன்று முகம்

1980-இல் அரிசோனா நிலத்தடி நீர்ச் சட்டம் கொண்டுவந்தது. ஃபீனிக்ஸ், டூசான், பினால், பிரெஸ்காட் ஆகிய இடங்கள் நிலத்தடி நீர் எடுப்பதைக் கட்டுப்படுத்தும் மேலாண்மைப் பகுதிகள் ஆயின. பிறகு சான்டா குரூஸ் தனியாகப் பிரிந்தது. 2022-இல் டக்ளஸ் வாக்களித்துச் சேர்ந்தது, 2024 இறுதியில் வில்காக்ஸ் சேர்க்கப்பட்டது. இந்தப் பகுதிகளுக்குள் ஆறு மனை அல்லது அதற்கு மேல் பிரித்து விற்க வேண்டுமானால், நூறு ஆண்டுக்கு நீர் உண்டு என்று மாநில நீர்வளத் துறையிடம் நிரூபித்தாக வேண்டும். அதற்கு இரண்டு வழிகள். ஊரின் நீர் நிறுவனமே மொத்தமாகத் தகுதி பெற்றிருக்கலாம். அல்லது பில்டர் தன் லேஅவுட்டுக்கு மட்டும் சான்றிதழ் வாங்கலாம்.

முதல் வாய்ப்பில் சொன்ன ஊர்கள் எல்லாம் மொத்தத் தகுதி பெற்றவை. கொலராடோ ஆற்று நீர் மட்டுமல்லாமல் சால்ட், வெர்டே ஆறுகளின் அணை நீரும் அவற்றுக்கு உண்டு. பக்கையும் குவீன் கிரீக்கும் 2023-இல் அந்தத் தகுதி இல்லாதவை. அங்கே அப்போது ஒவ்வொரு லேஅவுட்டும் தன் சான்றிதழை நம்பியே நின்றது. 2023 ஜூன் 1 அன்று ஆளுநர் கேட்டி ஹாப்ஸ் வெளியிட்ட ஆய்வு, ஃபீனிக்ஸ் பகுதியில் நூறு ஆண்டில் தேவைப்படும் நிலத்தடி நீரில் சுமார் 4 சதவீதம், அதாவது 48.6 லட்சம் ஏக்கர்-அடி, கிடைக்காது என்றது. (ஒரு ஏக்கர்-அடி என்பது சுமார் 12.3 லட்சம் லிட்டர். அங்கே மூன்று வீட்டுக்கு ஓராண்டுக்குப் போதும்.) அன்றிலிருந்து நிலத்தடி நீரை மட்டும் காட்டிப் புதிய சான்றிதழ் பெற முடியாமல் போனது. ஏற்கெனவே சான்றிதழ் பெற்றிருந்த, இன்னும் கட்டப்படாத சுமார் 80,000 மனைகளுக்குத் தடை இல்லை. 2024-லும் 2025-லும் மாற்று வழிகள் திறக்கப்பட்டன. அதனால் எந்த ஊருக்கு என்ன தகுதி என்பதை வாங்கும் நாளில் துறையின் பட்டியலில் பார்க்க வேண்டும். பழைய கட்டுரைகளை நம்ப வேண்டாம், இதையும் சேர்த்து.

மூன்றாவது முகம்தான் ஆபத்தானது. நிலத்தை ஐந்து துண்டு வரை பிரித்தால் இந்தச் சட்டம் பொருந்தாது. ஒவ்வொரு துண்டும் 36 ஏக்கருக்குக் குறையாமல் இருந்தாலும் பொருந்தாது. மேலாண்மைப் பகுதிக்கு வெளியே, சில கவுண்டிகளும் ஊர்களும் நீங்கலாக, ‘நீர் போதாது’ என்று அறிக்கையில் எழுதிவிட்டு லேஅவுட் மனையையே விற்கலாம். எழுதியிருப்பதைப் படிக்காமல் கையெழுத்துப் போடுபவர்களை வைத்துத்தான் இந்தச் சந்தை ஓடுகிறது.

ஐந்து துண்டு விதியின் விளைவை ஸ்காட்ஸ்டேலை ஒட்டிய ரியோ வெர்டே ஃபுட்ஹில்ஸ் அனுபவித்தது. பெரிய வீடுகள், மலைக் காட்சி, குதிரை லாயம் எல்லாம் இருந்தன, குழாய் இல்லை. கிணறு வற்றியவர்களும் கிணறே இல்லாதவர்களுமாகச் சுமார் 500 வீடுகள் ஸ்காட்ஸ்டேல் நகரத்து நீரை லாரியில் வாங்கித் தொட்டியில் நிரப்பி வாழ்ந்தன. தன் எல்லைக்குள் இருப்பவர்களுக்கே நீர் முன்னுரிமை என்று 2023 ஜனவரி 1 அன்று நகரம் அந்த விநியோகத்தை நிறுத்தியது. லாரிகள் தொலைவிலிருந்து வர வேண்டியதாயிற்று, நீர்ச் செலவு எகிறியது. மாநிலச் சட்டமன்றம் தனிச் சட்டம் போட்ட பிறகுதான் மாற்று ஏற்பாடு வந்தது. சொத்தின் விலையும் அழகும் நீருக்கு உத்தரவாதம் ஆகாது.

தகுதி பெற்ற ஊரிலும் நீர்க் கவலை முழுக்கத் தீர்ந்துவிடாது. 1968-ஆம் ஆண்டு கூட்டாட்சிச் சட்டப்படி, கொலராடோ ஆற்றில் பற்றாக்குறை வந்தால் கலிஃபோர்னியாவுக்கு முன், அந்த ஆற்று நீரைக் கொண்டுவரும் அரிசோனாவின் கால்வாய்க்குத்தான் வெட்டு விழும். 2022-இல் முதல் கட்டப் பற்றாக்குறையில் 5,12,000 ஏக்கர்-அடி போனது. அது மாநிலத்தின் பங்கில் சுமார் 18 சதவீதம். அதில் பெரும் அடி பினால் விவசாயிகளுக்கு. நகரங்களின் குழாயை அது தொடவில்லை. 2007-இல் போட்ட பங்கீட்டு விதிகளின் காலம் 2026 இறுதிவரைதான். நகரத்து வீட்டுக்காரருக்கு இதன் பொருள் பெரும்பாலும் நீர்க் கட்டண உயர்வு. விளிம்பில் இருப்பவருக்கு, தன்னைச் சுற்றி வரும் என்று பில்டர் சொன்ன அடுத்த லேஅவுட்டும் கடைத்தெருவும் வராமல் போகும் வாய்ப்பு.

நகரத்துப் பழைய வீடு: கெடுவது என்ன, எப்போது

இங்கே அபாயம் நிலத்தில் அல்ல, கூரையில் இருக்கிறது. ஃபீனிக்ஸில் 2023-இல் தொடர்ந்து 31 நாள் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் (43 செல்சியஸ்) தொட்டது. 2024-இல் தொடர்ந்து 113 நாள் 100 டிகிரியைத் தாண்டியது. இந்த வெயிலில் ஏசி பதினைந்து ஆண்டு ஓடினால் அது நல்ல ஆயுள். முதலில் போவது கெபாசிட்டர். அது சில நூறு டாலருக்குள் முடியும். கம்ப்ரெஸர் போனால் முழு இயந்திரத்தையும் மாற்றத் தோன்றும், செலவு பத்தாயிரம் டாலரைத் தாண்டுவது சாதாரணம்.

வீடு பார்க்கப் போகும்போது வெளி யூனிட்டின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படம் எடுங்கள். தயாரிப்பு ஆண்டு சீரியல் எண்ணில் இருக்கும். எந்த வாயு என்பதும் எழுதியிருக்கும். ஆர்-22 என்றிருந்தால் அந்த வாயுவைப் புதிதாகத் தயாரிப்பதும் இறக்குமதி செய்வதும் 2020-லேயே நின்றுவிட்டன. கசிவு வந்தால் பழுது பார்ப்பதில் பொருளில்லை, விலை பேசும்போதே புது ஏசியின் செலவைக் கழித்துவிடுங்கள். பிறகு ஏசியைப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, காற்றை இழுக்கும் கிரில்லிலும் குளிர்காற்று வரும் கிரில்லிலும் வெப்பமானி வையுங்கள். வித்தியாசம் 16 முதல் 22 டிகிரி ஃபாரன்ஹீட் இருந்தால் சரி. பத்து பன்னிரண்டுதான் என்றால் வாயு குறைவு, அடைத்த காயில், ஓட்டை விழுந்த டக்ட் மூன்றில் ஒன்று.

ஓட்டுக் கூரையைப் பார்த்து ஏமாறுபவர்கள் அதிகம். சிமெண்ட் ஓடு ஐம்பது ஆண்டு இருக்கும். ஆனால் நீரைத் தடுப்பது ஓடு அல்ல, அதன் அடியில் விரித்திருக்கும் தார்த் தாள். வெயிலில் அது 20 முதல் 25 ஆண்டில் உலர்ந்து வெடிக்கும். 2000-ஐ ஒட்டிக் கட்டிய வீட்டில் தாளை மாற்றிய ரசீது இல்லையென்றால் அந்தச் செலவு உங்கள் தலையில் விழும். ஓடுகளைக் கழற்றி வைத்து மறுபடி அடுக்கலாம். கூலிதான் அதிகம்.

கரையான் பாலைவனத்தில் இருக்காது என்று நினைக்க வேண்டாம், நிலத்தடிக் கரையான் அங்கே எங்கும் உண்டு. தனிச் சோதனை அவசியம். நீச்சல் குளம் இருந்தால் ஆண்டுக்குச் சுமார் ஆறு அடி உயரத்துக்கு நீர் ஆவியாகும் என்று கணக்கில் வையுங்கள். வாடகைக்கு விடும் வீட்டில் குளம் சுமை என்பதே எங்கள் கருத்து.

வெள்ளத்துக்கும் இடம் இருக்கிறது. ஜூலை முதல் செப்டம்பர் வரை வரும் பருவமழையில் வறண்ட ஓடைகள் ஒரு மணி நேரத்தில் நிரம்பும். வீட்டுக் காப்பீடு வெள்ளத்துக்குப் பொருந்தாது. கூட்டாட்சி வெள்ளக் காப்பீடு வாங்கினால் பொதுவாக 30 நாள் கழித்தே நடைமுறைக்கு வரும். மழை தொடங்கிய பிறகு வாங்குவது வீண்.

விளிம்பில் புது வீடு

புது ஏசி, புதுக் கூரை, பில்டர் தரும் வட்டிக் குறைப்பு ஆகியவை இதன் பலம். முதல் ஐந்தாறு ஆண்டு பராமரிப்புச் செலவு குறைவு. பலவீனம் வரிச் சீட்டில் தெரியும்.

சாலையும் கழிவுநீர்க் குழாயும் போட அந்தப் பகுதிக்கென்று வரி வசூலிக்கும் தனி அமைப்பை உருவாக்கிக் கடன் பத்திரம் வெளியிட்டிருப்பார்கள். அந்தக் கடன் சொத்துவரியோடு பல ஆண்டுகளுக்கு வசூலாகும். நிலத்தடி நீரை எடுக்கும் லேஅவுட்டுகளில் பல, 1993-இல் உருவான நீர் ஈடுசெய்யும் அமைப்பில் உறுப்பினர்கள். நீங்கள் உறிஞ்சிய நீருக்கு ஈடாக வேறிடத்தில் நிலத்துக்குள் நீர் செலுத்தும் செலவும் உங்கள் வரிச் சீட்டிலேயே வரும். ஈடுசெய்ய வாங்கும் நீர் அரிதாக அரிதாக அந்தத் தொகை ஏறும். பில்டரின் விற்பனை அலுவலகத்தில் காட்டும் மாதத் தவணையில் இவை முழுதாக இருப்பதில்லை, ஏனென்றால் முதலாண்டு வரி பெரும்பாலும் வெற்று மனைக்குப் போட்டது. அதே லேஅவுட்டில் மூன்றாண்டுக்கு முன் முடிந்த ஒரு வீட்டின் வரிச் சீட்டைக் கவுண்டி இணையதளத்தில் எடுத்துப் பாருங்கள். யாருடைய வரிச் சீட்டையும் பார்க்கலாம்.

நிலம் வெடிப்பது இன்னொன்று. பல பத்தாண்டு நீர் உறிஞ்சியதால் பினால் பகுதியில் நிலம் அமிழ்ந்திருக்கிறது, எலாய் ஊர்ப் பக்கம் 15 அடிக்கும் மேல். அமிழும் இடத்தின் ஓரத்தில் பூமி பிளக்கும். மேலே மயிரிழைக் கோடாகத்தான் தெரியும். ஒரு மழையில் நீர் உள்ளே இறங்கி அரித்தால் கார் விழும் அளவு பள்ளமாகும். குவீன் கிரீக், சான் டான் வேலி பக்கங்களில் இப்படிப் பிளவுகள் உண்டு. மாநில நிலவியல் ஆய்வகம் இவற்றை வரைபடமாக்கி இலவசமாக வைத்திருக்கிறது. பிளவிலிருந்து சில நூறு அடியில் இருக்கும் மனையை விலை பேசாமலே தவிர்ப்பது நல்லது.

வாடகைக்கு என்றால் போட்டியையும் எண்ண வேண்டும். உங்கள் வீடு முடியும் அதே மாதத்தில் அதே தெருவில் இன்னும் பத்து முதலீட்டாளர்கள் வாடகைக்காரர் தேடுவார்கள். எதிரிலேயே பில்டர் புதிய வீட்டைச் சலுகையோடு விற்றுக்கொண்டிருக்கும்வரை உங்கள் மறுவிற்பனை விலை ஏறுவதும் கடினம்.

வெற்று மனை

இது குறைந்த விலையில் பெரிய நஷ்டம் தரும் வாய்ப்பு. அரிசோனாவின் மனை மோசடிக்கு நீண்ட வரலாறு உண்டு. 1960-களிலும் 70-களிலும் பார்க்காத நிலத்தை அமெரிக்கா முழுதும் விற்றார்கள். அந்த மோசடிகளைத் துருவிய செய்தியாளர் டான் போல்ஸ் 1976-இல் கார் குண்டுக்குப் பலியானார். இன்று விற்பவர் பொய்யே சொல்லத் தேவையில்லை. ‘40 ஏக்கர், மாதம் சில நூறு டாலர் தவணை’ என்ற உண்மையே போதும்.

முதலில் பாதை. வடக்கு அரிசோனாவில் ரயில்வேக்குக் கொடுத்த நிலமும் அரசு நிலமும் சதுரங்கப் பலகைபோல் மாறி மாறிக் கிடக்கின்றன. வரைபடத்தில் கோடு இருக்கும், அதில் போகும் உரிமை பத்திரத்தில் இருக்காது. உரிமைக் காப்பீட்டு (சொத்தின் உரிமையில் குறை இருந்தால் ஈடு தரும் காப்பீடு) அறிக்கையில் விலக்குகள் பட்டியலை எடுத்து, சட்டப்படியான வழி விலக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அடியிலுள்ள கனிம உரிமை பல இடங்களில் தனியாகப் பிரிக்கப்பட்டிருக்கும். அதுவும் அங்கேதான் தெரியும்.

அடுத்து போர்வெல். நிமிடத்துக்கு 35 கேலனுக்கு மிகாத பம்பு வைத்தால் வீட்டு உபயோகத்துக்குக் கிணறு போட்டுக்கொள்ளலாம். உரிமை இருப்பதால் நீர் இருந்துவிடாது. நீர்வளத் துறையின் கிணற்றுப் பதிவேட்டில் ஒவ்வொரு கிணற்றுக்கும் 55 என்று தொடங்கும் எண் உண்டு. மனையைச் சுற்றி ஒரு மைலுக்குள் உள்ள கிணறுகளின் ஆழம், தோண்டிய ஆண்டு, நீர்மட்டம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். புதிய கிணறுகள் பழையவற்றைவிட ஆழமாகிக்கொண்டே போனால் மட்டம் இறங்குகிறது என்று புரிந்துகொள்ளலாம். வில்காக்ஸ் பகுதியில் பெரும் பண்ணைகளின் ஆழ்கிணறுகள் அருகிலுள்ள வீட்டுக் கிணறுகளை வற்றவைத்தன. நீர் கிடைத்தாலும் ஆர்சனிக் சோதனை தேவை. குடிநீருக்கான வரம்பு நூறு கோடியில் 10 பங்கு.

கழிவுநீர்த் தொட்டிக்கு மண் நீரை உறிஞ்ச வேண்டும். மேற்பரப்புக்குக் கீழே காலிச்சே என்னும் சுண்ணாம்புக் கெட்டிப் படலம் இருந்தால் உறிஞ்சாது. அப்போது விலை கூடிய மாற்று முறைதான் வழி.

வங்கிக் கடன் கிடைப்பது அரிது என்பதால் விற்பவரிடமே தவணை போடுவார்கள். அந்த ஒப்பந்தத்தில் பத்திரம் கடைசித் தவணை வரை அவர் பெயரில்தான். விலையில் 20 சதவீதத்துக்குக் குறைவாகக் கட்டியிருக்கும்போது தவணை தவறினால், 30 நாள் கடந்ததும் மொத்தத்தையும் பறிமுதல் செய்யும் நடவடிக்கையைத் தொடங்கலாம். சொத்துவரியை மறந்தாலும் நிலம் போகும். கட்டாத வரியின் பற்றுரிமையை, அதாவது அந்த வரியை வட்டியோடு வசூலிக்கும் உரிமையை, கவுண்டி பிப்ரவரியில் ஏலம் விடும். வட்டி 16 சதவீதம் வரை. மூன்றாண்டு கழித்து ஏலம் எடுத்தவர் நீதிமன்றம் மூலம் நிலத்தையே கேட்கலாம். சென்னையிலோ கோவையிலோ இருப்பவருக்கு வரிச் சீட்டு பழைய முகவரிக்குப் போய்த் திரும்புவதுதான் இதன் வழக்கமான தொடக்கம்.

வாடகை கையைக் கடிக்குமா?

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கு. வீடு 4,20,000 டாலர், முன்பணம் 25 சதவீதம், மீதி 3,15,000-க்கு 7 சதவீத வட்டியில் 30 ஆண்டுக் கடன். தவணை சுமார் 2,096. சொத்துவரி 200, காப்பீடு 150, வீட்டு உரிமையாளர் சங்கம் 90, நிர்வாகம் 176, காலி மாதங்களுக்கு 110, பழுதுக்கு 350 என்று வைத்தால் மாதம் 3,172 ஆகிறது. வாடகை 2,200 என்றால் மாதம் 972 டாலர் கையிலிருந்து போகும். தவணையில் அசலுக்குப் போவது தொடக்கத்தில் 258 டாலர் மட்டுமே. ஆக, விலை ஏற்றத்தை நம்பித்தான் இந்த முதலீடு நிற்கிறது. 2006 உச்சத்திலிருந்து 2011 வரை ஃபீனிக்ஸ் வீட்டு விலை பாதிக்கும் மேல் விழுந்த ஊர் என்பதை இந்த இடத்தில் நினைக்க வேண்டும். பக்கத்து லாஸ் வேகாஸ் இன்னும் மோசம்.

மாநிலச் சட்டம் வீட்டுக்காரருக்குப் பொதுவாகச் சாதகம். வாடகைக் கட்டுப்பாடு இல்லை. 2025 ஜனவரியிலிருந்து குடியிருப்பு வாடகைமீதான நகர வரியும் இல்லை. மாநில வருமான வரி ஒரே விகிதமாக 2.5 சதவீதம். ஆனால் வாடகைக்கு விடும் வீட்டைக் கவுண்டியில் பதிய வேண்டும். சொந்தக் குடியிருப்புக்குக் கிடைக்கும் 600 டாலர் வரையிலான வரிச் சலுகையும் போகும். ஃபீனிக்ஸ் நகர விதிப்படி ஏசி உள்ள வாடகை வீடு 82 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குளிர வேண்டும். ஜூலையில் ஏசி நின்றால் நாள்கணக்கில் தள்ளிப்போட முடியாது.

விலை விழுந்தால் என்ன ஆகும் என்பதில் வீட்டுக்கும் மனைக்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. இரண்டரை ஏக்கருக்கு மிகாத நிலத்தில் ஒன்று அல்லது இரண்டு குடும்பம் வசிக்கும் வீட்டை வங்கி ஏலம் விட்டால், குறையும் தொகைக்குப் பொதுவாக உங்களைத் துரத்த முடியாது. வெற்று மனைக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

அமெரிக்காவில் வசிக்காதவர் கூடுதலாக மூன்றைக் கணக்கில் எடுக்க வேண்டும். விற்கும்போது மொத்த விலையில் 15 சதவீதம் பிடித்தம் செய்யப்படும். பின்னர் கணக்குத் தாக்கல் செய்துதான் மீட்க வேண்டும். வாடகையை நிகர வருமானமாகக் கணக்கிடும்படி தேர்வு செய்யாவிட்டால் மொத்த வாடகையில் 30 சதவீதம் வரி. உரிமையாளர் இறந்தால் 60,000 டாலருக்கு மேற்பட்ட அமெரிக்கச் சொத்துக்கு 40 சதவீதம் வரை மரபுரிமை வரி வரலாம். இந்தியாவோடு இதற்கு ஒப்பந்தம் இல்லை. இந்தியாவிலிருந்து ஒருவர் நிதியாண்டுக்கு 2,50,000 டாலர்தான் அனுப்ப முடியும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஊரிலிருந்து வாங்குவது பெரும்பாலோருக்குப் பொருந்தாது. குறிப்பாக மரபுரிமை வரி ஒன்றே போதும், வேண்டாம் என்று சொல்ல.

அங்கேயே வேலை செய்து, ஏழு ஆண்டாவது இருக்கப் போகிறவருக்கு மொத்தத் தகுதி பெற்ற ஊரில் பழைய வீடே எங்கள் தேர்வு. ஏசிக்கும் கூரைக்கும் தனியாக 25,000 டாலர் ஒதுக்கிவிட்டு வாங்குங்கள். சிப் துறையில் வேலை என்றால் ஒரு எச்சரிக்கை: தொழிற்சாலை ஆள் குறைக்கும் அதே ஆண்டில் அந்தப் பகுதி வீடுகளுக்கும் கேட்பார் குறைவர். சம்பளமும் வீடும் ஒன்றாக விழாதிருக்க, ஓராண்டுத் தவணையைக் கையிருப்பில் வைப்பது கட்டாயம். விளிம்பில் புது வீடு, குடியிருக்கப் போகிறவருக்கு, லேஅவுட்டின் நீர்ச் சான்றிதழ் கையில் கிடைத்தால் மட்டும். மனை யாருக்கும் வேண்டாம், அங்கேயே போய் வாழத் தீர்மானித்து, கிணறு இருக்கும் நிலத்தை வாங்குபவரைத் தவிர.

எதை வாங்கினாலும் அங்கே வழக்கத்திலுள்ள ஒப்பந்தப் படிவத்தில் ஆய்வுக்குப் பத்து நாள் உண்டு. நீர்த் தகுதி, பிளவு வரைபடம், வெள்ள வரைபடம், மூன்றாண்டு வரிச் சீட்டு, ஐந்தாண்டுக் காப்பீட்டுக் கோரிக்கை வரலாறு, கரையான் சோதனை, ஏசி, கூரை எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். ஐந்து துண்டுக்குள் பிரித்த கிராமப்புற நிலமென்றால் விற்பவர் நீர், பாதை பற்றிய உறுதிமொழி ஆவணத்தைக் கைமாறுவதற்கு ஏழு நாள் முன்பே தர வேண்டும். அது கிடைத்து ஐந்து நாளுக்குள் நீங்கள் விலகலாம். பத்தாம் நாள் மாலைக்குள் நீர் பற்றிய பதில் எழுத்தில் வரவில்லையென்றால், அன்றே எழுத்தில் மறுப்புக் கொடுத்து, ஒப்பந்தத்தோடு கட்டிய அச்சாரப் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். பதினோராம் நாள் அது விற்பவருடைய பணமாகிவிடலாம்.